கோடியக்கரைக்குக் கூட்டமாய்ப் போனோம்

கோடை விடுமுறை வந்தால் போதும், ஊட்டி, கொடைக்கானல் என்று பேச்சுக் கிளம்பிவிடுகிறது. வசதியுள்ளவர்கள் போகட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் கிழக்குக் கரையில் குடியிருக்கும் நாம் நம் கடலை எத்தனை தடவை கண்ணாரப் பார்த்திருக்கிறோம்? ஆடி அமாவாசைக்கு ஒரு முழுக்கு, தை அமாவாசைக்கு ஒரு முழுக்கு. அதுவும் பெரியவர்கள் இழுத்துப் போனால்தான். எங்கள் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேன் ஏறினால் ஒன்றரை மணிக்குள் கோடியக்கரை. அங்கே காடு இருக்கிறது, மான் இருக்கிறது, கடலும் இருக்கிறது. 2024 மே மாதம் எங்கள் தெருப் பெண்கள் 9 பேரும் பிள்ளைகள் 11 பேருமாகப் போய், காட்டில் நடந்து, கடலில் குளித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினோம். ஆண்பிள்ளைகள் கணக்கில் வேன் டிரைவரும் டீச்சரின் கணவரும்தான்!

ஆளுக்கு 400 ரூபாய்க்குள் முடிந்தது. வேன் வாடகைதான் பெரிய செலவு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை அகல ரயில் பாதை 2023 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள், அதில் போகலாமே என்றுகூட யோசித்தோம். விடிவதற்குள் காட்டில் இருக்க வேண்டும் என்பதால் வேன்தான் சரியென்று பட்டது. அக்கினி நட்சத்திரத்தில் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. காலை 6 மணிக்கு நடை ஆரம்பித்து 10 மணிக்கெல்லாம் நிழலுக்கு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் மணல் காலைச் சுடும், குழந்தைகள் வதங்கிவிடும்.

போகிற வழியில் வேதாரண்யம். உப்பளங்கள் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. 1930 ஏப்ரல் மாதம் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து உப்பு அள்ளிய இடம் இந்த அகஸ்தியம்பள்ளிதான். இந்த வேதாரண்யப் போராட்டத்தில்தான் ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் கைதானார். உப்பு சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை சென்ற முதல் பெண்மணி அவர். பின்னால் சென்னை மாகாணத்தில் சுகாதார மந்திரியாகவும் இருந்தார். வேனில் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். "உப்பு எடுத்ததுக்கா ஜெயில்?" என்று ஒரு வாண்டு கேட்டது. விளக்கி முடிப்பதற்குள் கோடியக்கரையே வந்துவிட்டது.

வனவிலங்கு சரணாலயம் என்று 1967-ல் அறிவிக்கப்பட்ட காடு இது. வனத்துறை அலுவலகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு, வழிகாட்டி ஒருவரையும் கூட்டிக்கொண்டு நடந்தோம். மலைக்காடு மாதிரி உயர்ந்த மரங்களை எதிர்பார்க்காதீர்கள். கடல் காற்றுக்குக் குனிந்து, குட்டையாக, நெருக்கமாக நிற்கிற மரங்கள். வறண்ட பூமிதான், இருந்தாலும் இலை பச்சையாகவே இருக்கிறது. 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரையேறியது. அப்போது முறிந்து விழுந்த மரங்களுக்குக் கணக்கே இல்லையாம். வேரோடு சாய்ந்த அடிமரங்களை இன்னும் அங்கங்கே பார்க்கலாம். பக்கத்திலேயே புதுத் துளிர் விட்டிருப்பதையும் வழிகாட்டி காட்டினார்.

பாலை மரத்தை அவர் காட்டியபோது எங்கள் மாமி ஒருவருக்கு வாயெல்லாம் பல். சின்ன வயசில் பாலாப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்துவிட்டார். மஞ்சளாக, வேப்பம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக, தித்திப்பென்றால் அப்படியொரு தித்திப்பு. பால் பிசுபிசுவென்று உதட்டில் ஒட்டும், எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் போகும். சரணாலயத்துக்குள் எதையும் பறிக்கக் கூடாது. வேதாரண்யத்தில் கூடையில் வைத்து விற்பார்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று பிள்ளைகளைச் சமாதானப்படுத்தினோம்.

புல்வெளி வந்ததும் வழிகாட்டி கையைக் காட்டினார். எல்லோரும் அப்படியே நின்றோம். வெளிமான்கள்! பெண்மான்கள் பழுப்பாக, கொம்பில்லாமல், குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தன. சற்றுத் தள்ளி ஆண்மான் ஒன்று, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, திருகுத் திருகாக நீண்ட கொம்பு. ஒரு நிமிஷமும் வாய் மூடாத எங்கள் பிள்ளைகள் 11 பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றார்களே, அதைத்தான் நான் அதிசயம் என்பேன். பிறகு ஒரு பிள்ளை தும்மியது. மான்கள் துள்ளியபடி ஓடின. எந்தக் காலத்திலோ யாரோ விட்டுப்போன குதிரைகளின் வம்சமாகச் சில மட்டக் குதிரைகளும் அங்கே திரிகின்றன. குரங்குகள் தொல்லை உண்டு. டிபன் தூக்கைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ராமர் பாதம் என்பது ஒரு மணல் மேடு. இங்கே நின்று ராமர் இலங்கை இருக்கும் திசையைப் பார்த்தாராம். மேட்டின்மேல் பாதம் வைத்துச் சின்னக் கோயில். இந்தச் சுற்று வட்டாரத்தில் இதுதான் உயரமான இடம் என்பதால் காடு முழுவதும் பச்சைப் பாய் விரித்த மாதிரி தெரிகிறது. பொன்னியின் செல்வன் படித்தவர்கள் பூங்குழலியை நினைக்காமல் இங்கே நிற்க முடியாது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் ஒன்று கரையோரம் இருந்தது. 2004 சுனாமியில் அதுவும் போயிற்று.

சுனாமி என்ற சொல்லை வழிகாட்டி சொன்னதும் நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் எதிர்வீட்டுத் தங்கை முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் நாகப்பட்டினத்துக் கடலோரத்துப் பெண். 2004 டிசம்பர் 26-ம் தேதி அவளுக்கு வயசு 10. தம்பி போய்விட்டான். கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் கடல் பக்கம் போனதில்லை. பிள்ளைகளையும் விட்டதில்லை. கோயில் குளத்துப் படியில்கூடக் காலை நனைக்க விடமாட்டாள். இந்தத் தடவை அவள் மகள், மூன்றாம் வகுப்பு, சாப்பிடாமல் அடம் பிடித்து அம்மாவை இழுத்து வந்துவிட்டாள். "நான் வேன்லயே உக்காந்திருப்பேன்க்கா. என்னை யாரும் வற்புறுத்தக் கூடாது" என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் ஏறினாள். நானும் மற்றவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். பயந்தவர்களைத் தண்ணீரில் தள்ளிப் பயம் தெளிய வைப்பது என்று ஒரு வழக்கம் நம்மவர்களிடம் உண்டே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

கடலுக்கு வருகிறேன். கோடியக்கரையில் வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் ஒன்றையொன்று தொடுகின்றன. கரை அங்கே மூலை திரும்புகிறது. "முனையில மட்டும் இறங்காதீங்க. நீரோட்டம் இழுக்கும். அமாவாசைக்கு ஜனங்க குளிக்கிற ஆதி சேதுப் பக்கம் போங்க" என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடமும் கேட்டோம். அந்தந்த ஊர்க் கடலை அந்தந்த ஊர் மீனவர்களைக் கேட்டுத்தான் இறங்க வேண்டும். "இன்னிக்கு இந்த எடம் சரி, அந்தக் கொம்பு நட்டிருக்கு பாரு, அதுக்கு அந்தாண்ட பள்ளம்" என்று கை நீட்டிக் காட்டினார் அந்த அம்மாள்.

எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். நடையை நான் பார்த்துக்கொண்டேன், கடல் அவர் பொறுப்பு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லோரையும் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து அவர் சொன்னதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டுமென்று இந்தக் கட்டுரையே.

முதலாவது, உடை. புடைவையோடு கடலில் இறங்காதீர்கள். ஐந்தரை மீட்டர் துணி நனைந்தால் என்ன கனம் கனக்கும்! அலையில் கால்களைச் சுற்றிக்கொண்டால் முழங்கால் ஆழத்திலேயே ஆள் விழுந்துவிடுவாள். தாவணியும் அப்படியே. இறுக்கமான பழைய சுடிதார், துப்பட்டா இல்லாமல், போதும். உடை மாற்ற என்ன செய்வது? நாங்கள் நான்கு பேர் ஒரு பழைய புடைவையை நான்கு மூலையில் பிடித்துக்கொண்டு நின்றோம். நல்ல தடித்த நூல் புடைவையாக இருக்கட்டும். மெல்லிய வாயில் புடைவையைக் கொண்டுவந்த ஒருத்தியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இரண்டாவது, காவல். தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்று பிள்ளைகளையே பார்க்க ஒருத்தி, அரை மணிக்கு ஒருத்தி மாற்றி. பார்க்கிறவள் பேசக் கூடாது, வடை மடிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். இதில் நர்ஸம்மா சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. மூழ்குகிற குழந்தை கத்தாதாம். சினிமாவில் வருகிற மாதிரி கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கூப்பிடாதாம். மூச்சு விடவே வாய் போதாமல் இருக்கும்போது கத்துவது எப்படி? தலை பின்னால் சாயும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், சத்தமே வராது. விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியானால் அதுதான் அடையாளம்.

மூன்றாவது, கயிறு. 5 லிட்டர் எண்ணெய் கேன் காலியாகி மூலையில் கிடக்கும் அல்லவா? கழுவி, மூடியை இறுக்கி, கைப்பிடியில் நீளமான கொடிக்கயிறு கட்டிக் கொண்டுபோக வேண்டும். யாராவது தத்தளித்தால் நீச்சல் தெரியாதவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர் போன வீடுகள் எத்தனை! கேனை வீசிப் பிடிக்கச் சொல்லி இழுக்க வேண்டும்.

மணி ஏழரைக்கு இறங்கினோம். தஞ்சாவூர் ஜில்லாப் பெண்கள் தண்ணீரைக் கண்டால் சும்மா இருப்போமா? ஆற்றங்கரை, குளத்தங்கரை என்று வளர்ந்தவர்கள். இடுப்பு ஆழத்துக்கு மேல் யாரும் போகவில்லை. கடல் அங்கே கொஞ்சம் கலங்கல்தான், மெரினா மாதிரி பெரிய அலை இல்லை. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொன்னார் வலைக்கார அம்மாள். சேற்றில் திருக்கை மீன் படுத்திருக்குமாம். மிதித்தால் வாலால் அடிக்கும், தேய்த்து நடந்தால் தானே விலகிப் போய்விடும். அடித்துவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்காகவே நர்ஸம்மா தெர்மாஸில் காப்பிக்குப் பதில் வெந்நீர் கொண்டுவந்திருந்தார்! சொறிமீன் பட்டால் மணலை வைத்துத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்ற வேண்டாம், கடல் நீராலேயே அலசுங்கள் என்றார். மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் 108-க்குப் போன்.

எதிர்வீட்டுத் தங்கை வேனில் கொஞ்ச நேரம்தான் இருந்தாள். மகள் கண் மறைவில் இருப்பது பொறுக்கவில்லை போலிருக்கிறது. எழுந்து வந்து ஈர மணலுக்குப் பத்தடி தள்ளி நின்றாள். "காவல் முறைக்கு நான் நிக்கிறேன்க்கா. எனக்குத் தண்ணியில எறங்க வேண்டாம்ல" என்றாள். நின்றவள் அரை மணி ஆகியும் மாற்றச் சொல்லவில்லை. அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. என்னவென்று பார்த்தால், பிள்ளைகளை எண்ணுகிறாள்! ஒன்று முதல் பதினொன்று வரை, மறுபடியும் ஒன்றிலிருந்து.

டீச்சரின் பையனுக்கு வயசு 9. ஒரு காற்றுப் பந்து கொண்டுவந்திருந்தான். மேல்காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும்போது பந்து, டியூப் எதுவும் தண்ணீரில் வேண்டாம் என்று இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பந்து நழுவியது, பையன் இரண்டெட்டு வைத்தான், அதுவும் நழுவியது, இவனும் நகர்ந்தான். பக்கவாட்டில், கொம்பு நட்டிருந்த பக்கம். அவன் அப்பா நான்கடி தள்ளித்தான் நின்றார், இன்னொரு குழந்தையின் கண்ணில் பட்ட உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"பத்து!" என்று ஒரு அலறல். "பத்துதான் இருக்கு! கேனு, கேனு!"

கேனைத் தூக்கி வீசியது அவள்தான். கயிற்றின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடியதும் அவள்தான். பையனின் தலை தெரிந்தது, சத்தமில்லை, நர்ஸம்மா சொன்ன மாதிரியே வாயை அண்ணாந்தபடி. கேன் அவன் மார்பில் போய் இடித்தது, கட்டிக்கொண்டான். அதற்குள் அவன் அப்பாவும் எட்டிப் பிடித்துவிட்டார். இழுத்துக் கரையில் போட்டோம். இருமினான், வாந்தி எடுத்தான், பிறகு ஓவென்று அழுதான். அந்த அழுகை எங்களுக்குச் சங்கீதமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் ஒருவர், "தலைகீழாப் புடிச்சுச் சுத்துங்க, தண்ணி வெளிய வரட்டும்" என்றார். நம் ஊர்ப் பழக்கம். நர்ஸம்மா கையைத் தட்டிவிட்டார். தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமுக்குவதும் கூடவே கூடாது. வயிற்றில் உள்ளது வந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத்தை மாற்றிப் போர்த்த வேண்டும். மூச்சே இல்லையென்றால் ஒரு நொடி வீணாக்காமல் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், நெஞ்சை அமுக்கிக் கொடுக்க வேண்டும், ஒருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். நெஞ்சு அமுக்குவதை எழுத்தில் படித்துச் செய்ய முடியாது. பக்கத்து ஆஸ்பத்திரியில் யாரையாவது கேட்டுக் கையால் செய்து பழகிக்கொள்ளுங்கள். தப்பிய குழந்தையையும் அன்று முழுவதும் கவனிக்க வேண்டும். இருமல் நிற்காமல் இருந்தாலோ, மூச்சு இரைத்தாலோ, வழக்கமில்லாமல் தூங்கி வழிந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். நாங்கள் சும்மா இருக்க மனமில்லாமல் திரும்பும் வழியிலேயே காட்டிவிட்டோம். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் டீச்சர் வாயில் ஒரு வாய் தண்ணீர் இறங்கியது.

எதிர்வீட்டுத் தங்கை அதன் பிறகுதான் தன்னைக் கவனித்தாள். இடுப்பு வரை நனைந்திருந்தது, புடைவையோடு, செருப்போடு. ஒரு செருப்பைக் காணோம். அவள் மகள் ஓடி வந்து, "அம்மா, நீ கடல்ல எறங்கிட்ட" என்றாள். அவள் பதில் சொல்லவில்லை. அங்கேயே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "எண்ணிக்கிட்டே இருந்தேன்க்கா. அன்னிக்கு யாரும் எண்ணல" என்றாள். அன்றைக்கு எண்ணியிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? பத்து வயசுப் பிள்ளை. அதை நான் சொல்லவில்லை. அலை வந்து எங்கள் இருவர் காலையும் தொட்டுப் போனது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. மகளை மட்டும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கெல்லாம் எல்லோரையும் கரையேற்றிவிட்டோம். 20 லிட்டர் கேன் இரண்டில் நல்ல தண்ணீர் கொண்டுபோயிருந்தோம், ஆளுக்கு நான்கு சொம்பு. உப்பைக் கழுவாவிட்டால் குழந்தைகளுக்கு அக்குள், தொடை இடுக்கெல்லாம் புண்ணாகிவிடும். பிறகு சாப்பாடு. வெயில் நாளில் கட்டுச்சாதத்துக்குப் புளியோதரைதான் நம்பகம். தயிர்சாதம் கொண்டுபோவதானால் பாலை நிறைய விட்டு, தயிர் ஒரு ஸ்பூன் மட்டும் கலந்து பிசையுங்கள், சாப்பிடும் வேளைக்குப் புளிக்காமல் சரியாக இருக்கும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரை தலைதட்டி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் கலந்து இரண்டு பாட்டில் தனியாக வைத்திருந்தேன். வெயிலில் ஆடிய பிள்ளைகளுக்கு அதுதான் முதலில். தலைவலிக்கிறது என்று சுருண்ட ஒரு பெண் குழந்தை இரண்டு டம்ளர் குடித்ததும் எழுந்து ஓடியது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, அதனால் தாய்ப்பால் மட்டும்தான், அதையே அடிக்கடி கொடுக்கச் சொன்னார் நர்ஸம்மா. தாய்க்குத்தான் இரண்டு பங்கு மோர்.

கோடிக்குழகர் கோயிலில் பத்து நிமிஷம் நின்றோம். இந்தக் காட்டில், கடற்காற்றில், துணையில்லாமல் தனியாக இருக்கிறாயே என்று சுந்தரர் சுவாமியிடம் உருகிப் பாடிய தலம். வேதாரண்யத்தில் பாலாப்பழம் படி கணக்கில் வாங்கினோம். வேனில் எல்லோர் உதடும் ஒட்டிக்கொண்டதால் கொஞ்ச நேரம் அமைதி நிலவியது!

ஊர் வந்த மூன்றாம் நாள் எதிர்வீட்டுத் தங்கை வந்தாள். "பொம்பளைப் பிள்ளைங்களுக்கு நீச்சல் எங்கக்கா கத்துக் குடுப்பாங்க?" என்றாள். எங்கள் பாட்டி காலத்தில் இதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாழைத்தண்டையோ சுரைக்குடுக்கையையோ முதுகில் கட்டி ஆற்றில் இறக்கிவிடுவார்கள், ஒரு கோடையில் பிள்ளை மீனாகிவிடும். இப்போது ஆற்றில் மேட்டூர் தண்ணீர் வரும் நாளும் கணக்காகிவிட்டது, குளத்தில் பாசி. டீச்சரின் கணவருக்குத் தெரிந்த ஒருவர் தம் தோட்டத்துப் பம்புசெட் தொட்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மார்பளவுதான் ஆழம். பிள்ளைகள் 7 பேரும் தாய்மார்கள் 4 பேரும் சேர்ந்திருக்கிறோம். அவளும் வருகிறாள். கரையில் உட்கார்ந்து எண்ணுகிறாள். மகள் முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பத்து எண்ணும் வரை மூச்சடக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஐப்பசி, கார்த்திகையில் பறவைகள் வந்துவிடும், பூநாரை பார்க்க மறுபடியும் கோடியக்கரை போக வேண்டும் என்று பேச்சு. மழைக்காலத்தில் கடலில் இறங்குவதில்லை என்று இப்போதே முடிவு செய்துவிட்டோம். புளியோதரை மாமி பொறுப்பு.